செவ்வரத்தம்பூ வைத்த கல்

வந்துட்டுதா. எங்கள் வீட்டில் இப்போது புழக்கத்தில் இருக்கும் ஒரே கேள்வி இதுதான். காலையில் மகளுக்குப் போன் எடுத்தால் வந்துட்டுதா, மத்தியானம் எடுத்தால் வந்துட்டுதா, சொந்தக்காரர் எனக்கு எடுத்தாலும் சுகமா, சாப்பிட்டியா எல்லாவற்றையும் தாண்டி நேரே வந்துட்டுதா. வரவேண்டியது விசாவோ விருந்தாளியோ இல்லை. மூத்திரம். என் மனுசன் குணநாயகத்தின் மூத்திரம். கண்டியில், ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அவருடைய அடிவயிற்றில் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய சிறுநீரகத்தை வைத்துத் தைத்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. அது இன்னும் வேலைக்கு வரவில்லை. "நித்திரை கொள்ளுது அம்மா, இறந்தவரிட்ட இருந்து எடுத்தது சிலது அப்பிடித்தான், பிந்தித்தான் முழிக்கும்" என்றார் டொக்டர். முழிக்காமலே விட்டால் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயம். மகள் கௌசிகா கேட்டாளாம். முழிக்காவிட்டால் எடுத்துவிடுவார்களாம், பிறகு பழையபடி மெசின்தானாம், அவருடைய இருதயம் அதைக் கன காலம் தாங்காதாம். கன காலம் என்றால் எவ்வளவு காலம்? ஓய்வு பெறும்வரை சங்கக்கடையில் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தவள் நான். கனக்க, கொஞ்சம், கிட்டத்தட்ட என்கிற சொற்கள் எனக்குச் செமிக்காது. ஆனால் இப்போது நான் நிற்பது ஒரு மலையின் அடிவாரத்தில். ஒரு கையில் செவ்வரத்தம்பூ, மற்றக் கையில் போன். நேற்றிரவிலிருந்து வந்து வந்து போன சிக்னலின் கடைசிக் கோடும் இப்போதுதான் அணைந்துபோயிற்று. இனி மேலே ஏறி இறங்கும்வரை வந்துட்டுதா என்று கேட்க வழியில்லை. முன்னால் போன குசுமா திரும்பிப் பார்க்கிறாள். "வா அக்கா, வெயில் வர முன்னம் போவம்." சரி, போவோம். கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு இது பரவாயில்லை.

இந்தக் குசுமாவை நான் தெரிந்தெடுக்கவில்லை, ஒரு வாங்குதான் எங்களைச் சேர்த்து வைத்தது. அநுராதபுரத்தில் இரத்தம் சுத்திகரிக்கும் அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் இருக்க நீளமான வாங்கு ஒன்று, உள்ளே அவளுடைய மனுசன் பண்டாரவும் என்னுடையவரும் பக்கத்துப் பக்கத்து மெசினில். இரண்டு பேரும் வயல்காரர், இரண்டு பேருக்கும் ஒரே சிறுநீரக வருத்தம். எந்தத் தண்ணீரால் வந்தது, எந்த மருந்தால் வந்தது என்று எவருக்கும் தெரியாது, அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார்கள். முதலில் நாங்கள் பேசவில்லை. நான் ஒரு நுனி, அவள் ஒரு நுனி, நடுவில் எங்கள் பைகள். பிறகு ஒருநாள் அவள் அவித்த சோளம் ஒன்றை எடுத்து இரண்டாக முறித்து ஒரு பாதியைப் பைகளுக்கு மேலால் நீட்டினாள். அவளுடைய தமிழ் வவுனியாச் சந்தையில் பூசணிக்காய் விற்றுப் படித்த தமிழ். மரியாதைப் பன்மை அதில் கிடையாது. கடவுள், கண்டக்டர், நான், எல்லாருமே நீதான். பண்டாரவுடைய பெயர் எங்களுக்கு முதலே காத்திருப்போர் வரிசையில் ஏறிவிட்டது. ஆனால் சிறுநீரகம் கிடைத்திருக்கிறது என்று போன் வந்தது எங்களுக்கு. இரத்த வகை பொருந்தியது என் மனுசனுக்கு. அன்றைக்கு அந்த வாங்கில் இருந்துதான் எழும்பி ஓடினேன், என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்து எங்களைக் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டவள் குசுமா. அவளுக்கு வயிறு எரியவில்லையா? எனக்கென்றால் எரிந்திருக்கும், பெற்றோல் ஊற்றின மாதிரி எரிந்திருக்கும். நேற்று கௌசிகா, "அம்மா, நீங்கள் இஞ்ச நிண்டு அழுது எனக்கும் பயம் காட்டாதேங்கோ, வீட்ட போய் உடுப்பு மாத்திக்கொண்டு வாங்கோ" என்று என்னைத் துரத்திவிட்டாள். வழியில் குசுமாவுக்குப் போனில் சொன்னேன், மரதன்கடவலைச் சந்தியில் வந்து நின்று என்னைப் பஸ்ஸை விட்டு இறக்கித் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அநுமார் மருந்துமலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது உடைந்து விழுந்த துண்டாம் அவளுடைய ஊர் மலை, உச்சியில் நிற்கிற செடிகள் வேறெங்கும் இல்லையாம், பழைய பிக்குமாருடைய கோயில் ஒன்று இடிந்து கிடக்கிறதாம். மருந்து என்ற சொல்லைக் கேட்டால் இப்போது நான் பாதாளத்துக்கும் இறங்குவேன், மலை என்ன மலை. ஆனாலும் கேள்வி உள்ளே முள்ளாய்க் குத்திக்கொண்டே இருக்கிறது. இவள் ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு வருகிறாள்?

முதலில் காடு, வெறும் காடு, பிறகு திடீரென்று காலுக்குக் கீழே தரை மாறுகிறது. கல். செதுக்கி, இழைத்து, ஒன்றோடொன்று முட்டவைத்த கல். மரங்களுக்கு நடுவில் நேராக ஒரு பாதை, இரண்டு மாட்டுவண்டி பக்கத்தில் பக்கத்தில் போகலாம், மேலே மேலே போய் இலைக்குள் மறைகிறது. நான் நின்றுவிட்டேன். எங்கள் ஊர் ரோட்டை மூன்று முறை தார் போட்டு மூன்று மாரியும் கொண்டுபோய்விட்டது, இது எத்தனை மாரி கண்டிருக்கும், ஒரு கல் ஆடவில்லை. யார் தூக்கினார்கள்? யாருடைய முதுகு? குசுமாவிடம் கேட்டால், "ராசா கட்டினது அக்கா, ஆயிரம் வருசம், அதுக்கும் மேல" என்கிறாள். ராசா கட்டவில்லை, ராசா சொன்னார், கட்டினது வேறு ஆட்கள், அவர்களுக்கும் முதுகு நொந்திருக்கும், அவர்களுடைய மனுசிமாரும் தைலம் தேய்த்துவிட்டிருப்பார்கள். கோபம் மாதிரி ஒன்று வருகிறது, ஆனால் கோபம் இல்லை, இந்தப் பாதை என்னைச் சின்னவளாக்குகிறது, சின்னவளாவது இன்றைக்கு எனக்குச் சுகமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் மரங்கள் ஒரு சத்தமும் இல்லாமல் நிற்கின்றன. எங்கோ ஒரு குருவி ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறது, எனக்கு அதுவும் வந்துட்டுதா என்றுதான் கேட்கிறது. பச்சை உடுப்பு. மரத்துக்குப் பின்னால் பச்சை உடுப்பு. என் கால் தானாக நின்றது, கை தானாகப் பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது. ஒரு காலத்தில் காட்டு வழியில் ஆமிக்காரரின் பச்சை உடுப்பைக் கண்டால் நெஞ்சு எப்படி அடிக்குமோ அப்படியே அடித்தது. சண்டை முடிந்து எவ்வளவு காலமாகிவிட்டது, என் உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லைப்போல. அவர் காட்டு இலாகாக் காவலாளி, வாயில் வெற்றிலை, குசுமாவுக்குத் தூரத்துச் சொந்தமாம். நேற்று ஆனை வந்தது, கவனமாகப் போங்கள் என்றாராம். போகும்போது என் கையில் இருந்த பூவைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று, யாரைப் பார்த்து வெட்கம் என்றுதான் தெரியவில்லை.

பிறகு குளம். குளம் என்று சொன்னால் எங்கள் ஊர்க் குளம் மாதிரி நினைத்துவிடக்கூடாது. மலையிலிருந்து வரும் ஓடையை மறித்துச் சுற்றிலும் கல்லால் படிபடியாக இறக்கிக் கட்டிய பெரிய தடாகம், ஒரு ஊரே இறங்கிக் குளிக்கலாம். இப்போது நடுவில் மட்டும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர், மற்றப்படி படிகள், படிகள், படிகள், வெயில் இலைக்குள்ளால் விழுந்து ஒவ்வொரு படியிலும் ஆடிக்கொண்டிருந்தது. நான் மேல் படியில் இருந்துவிட்டேன். எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும் இங்கே. அவர் இதைப் பார்க்கவேண்டும். வருத்தம் முற்றின பிறகு அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்னப் போத்தல் தண்ணீர், தேத்தண்ணியும் சோற்று ஈரமும் எல்லாம் சேர்த்து. உள்ளே போனது வெளியே வராதே, வராவிட்டால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அளந்து கொடுத்தவள் நான்தான், வேறு யாரால் முடியும், சங்கக்கடைக் கை. மனுசன் கடைசிச் சொட்டை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் முகம் கழுவப் போனவர் வரவில்லை என்று போய்ப் பார்த்தால், நனைந்த துவாயின் நுனியை வாய்க்குள் வைத்து உறிஞ்சிக்கொண்டு நிற்கிறார். வாழ்நாள் முழுக்க வாய்க்கால் வெட்டித் தண்ணி பாய்ச்சின மனுசன். என்னைக் கண்டதும் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இஞ்சாரும், துவாய் உப்புக் கரிக்குது, நல்லாத் தோய்ச்சுப் போடும்" என்றார், சிரித்தார், நானும் சிரித்தேன், பிறகு குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அக்கா, தண்ணி குடி" என்று குசுமா போத்தலை நீட்டுகிறாள். குடித்தேன். இவ்வளவு தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறோமே, ஒரு கூச்சமும் இல்லாமல். மிச்சத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு இந்தப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடிந்தும் இவ்வளவு என்றால் நிறைந்திருந்தபோது எப்படி இருந்திருக்கும், ஒரு வரிசை பிக்குமாருடைய மஞ்சள் சீலை, குனிந்து தண்ணீர் மொள்ளும் கைகள், யாருக்கும் அளவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, துக்கத்தால் இல்லை, என்ன பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்று.

அதற்கு மேலேதான் கோயில் என்றாள். நான் கோபுரத்தைத் தேடினேன், இல்லை. சிலையைத் தேடினேன், அதுவும் இல்லை. உடைந்த சிலை, தலை இல்லாத சிலை, அதுகூட இல்லை. பெரிய பெரிய கல்மேடைகள் மட்டும் இரண்டிரண்டாக, ஒரு மேடையில் இருந்து மற்ற மேடைக்குப் போக ஒரே கல்லில் பாலம். மேடைக்கு மேலே ஒன்றுமில்லை, ஆகாயமும் மரக்கிளையும்தான். "சாமி எங்க?" என்று கேட்டேன். "சாமி இல்லை அக்கா. இங்க இருந்த ஹாமுதுருமார் சிலை வைக்காதது. சும்மா இருந்தது. கண் மூடி." ஹாமுதுரு என்றால் பிக்கு. இது என்ன கோயில், பூவோடு வந்தவள் எங்கே போவாள்? விடிய குசுமா வீட்டு முற்றத்தில் செவ்வரத்தைச் செடி முழுக்கச் சிவப்பாகப் பூத்து நின்றபோது ஒன்றைப் பறித்தேன், கோயிலுக்கு வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. இப்போது அதன் இதழ்கள் ஓரத்தில் சுருங்கத் தொடங்கிவிட்டன. இது வாடுவதற்குள் எங்காவது வைக்கவேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்ததோ தெரியாது, வந்தபின் விடவில்லை. வாடிவிட்டால் அங்கேயும் ஒன்றும் முழிக்காது. விசர்க் கதை, தெரியும், ஆனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும் விசர் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று. நான் நடையைக் கூட்டினேன். ஒரு இடத்தில் குழி விழுந்த பெரிய கல் கிடந்தது, ஆஸ்பத்திரி இருந்த இடமாம், மருந்து அரைத்த கல்லாம். ஆயிரம் வருசத்துக்கு முன்னம் இங்கேயும் யாரோ ஒருத்தர் படுத்திருந்து இன்னொருவர் வாசலில் நின்றிருப்பார். அந்தக் கல்லைத் தொட்டேன், குளிர். பூவை வைப்போமா? வேண்டாம், ஆஸ்பத்திரியில் பூ வைக்க விடமாட்டார்கள், கண்டியிலும் விடவில்லை. குசுமா மெதுவாகக் கேட்டாள், "அக்கா, அந்தப் பிள்ளைக்கு நீ பின் குடுத்ததா?" பின் என்றால் புண்ணியம். எந்தப் பிள்ளைக்கு என்றேன். "கிட்னி குடுத்த பிள்ளைக்கு. நாங்கள் கோப்பையில தண்ணி ஊத்துறது, நிறைஞ்சு வெளிய வழியும் மட்டும். எங்கட பின் செத்த ஆளுக்குப் போகும்." பிள்ளையா பெரிய ஆளா, ஆணா பெண்ணா, எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் அவரை நினைத்தது முழித்துக்கொள், முழித்துக்கொள் என்று அதட்டத்தான்.

அப்போதுதான் அந்தக் கல்லைக் கண்டேன். மேடைகளை விட்டுக் கொஞ்சம் தள்ளி, வேருக்குப் பக்கத்தில், தனியாக. இவ்வளவு நேரம் பார்த்த கல்லெல்லாம் மொட்டை, ஒரு பூ, ஒரு கோடு, ஒரு கொடிகூட இல்லை. இந்த ஒரு கல்லில் மட்டும் அப்படி ஒரு வேலைப்பாடு. தூண்கள், தூணுக்கு மேலே கூரை, கூரைக்கு மேலே கலசம் மாதிரி, ஒரு முழு மாளிகையின் முகப்பு. அதற்கு மேல் இரண்டு பாதம் வைக்கிற இடம், எடுப்பாக, அடுத்தடுத்து. பாதம்! ஊரெல்லாம் கும்பிடுகிற பாதம்தானே, சிலை வேண்டாம் என்றவர்கள் பாதத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். பாதங்களுக்கு நடுவில் ஒரு துவாரம், அதிலிருந்து பின்னால் ஒரு வாய்க்கால். தீர்த்தம் போகிற வழி, கோமுகி, எந்தக் கோயிலில் நான் பார்க்காதது. அந்தத் துவாரத்தின் விளிம்பில் இரவு மழையோ பனியோ கொஞ்சம் தண்ணீராய்த் தேங்கி மினுங்கியது. நான் செருப்பைக் கழற்றினேன். முட்டி மடங்கி அந்தக் கல்லின் முன் இருந்தேன், பூவைப் பாதத்துக்கு நடுவில் வைத்தேன், இரண்டு விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றித் தலையில் தெளித்துக்கொண்டேன். பிறகு கேட்டேன். அழகாகக் கேட்க வரவில்லை, கண்ணீரும் மூக்கும் ஒன்றாய் வடிய, சண்டை பிடிக்கிற மாதிரித்தான் கேட்டேன். வரவேண்டும். மூத்திரம் வரவேண்டும். நான் வேறொன்றும் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை, காணி கேட்கவில்லை, கொஞ்சம் மூத்திரம். எல்லாருக்கும் குடுக்கிறாய், குடிகாரனுக்குக் குடுக்கிறாய், மதிலுக்கு மதில் பெய்துகொண்டு திரிகிற நாய்க்குக் குடுக்கிறாய், என் மனுசனுக்கு ஏன் அடைத்து வைத்திருக்கிறாய்? திற. இந்த வாய்க்காலைத் திற. நெற்றி கல்லில் முட்டியது, குளிர் உச்சிவரை ஏறியது, எத்தனையோ காலத்துக் குளிர், என்னைவிட எவ்வளவோ பெரியது, அதன் முன்னால் என் பயம் ஒரு அரிசி அளவாகச் சுருங்கினது.

எழும்பித் திரும்பிப் பார்த்தால் குசுமா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். கண் இரண்டும் தேங்காய் அளவு. "என்ன?" என்றேன். தலையாட்டினாள். "என்னடி, சொல்லன்." "ஐயோ அக்கா... நீ கும்பிட்டது. நடுவில எப்பிடி நான் சொல்லுறது... அது சாமி இல்லை அக்கா." "பாதம்தானே?" "பாதம் தான். ஹாமுதுரு பாதம் வைக்கிறது. வச்சு..." அவளுக்குத் தமிழ் முடிந்துபோயிற்று. கையால் எதையோ காட்ட வந்து, வெட்கத்தில் கையை மடித்துக்கொண்டு, முகம் சிவந்து, கடைசியில் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "சூ." எனக்கு விளங்கியது. அந்தச் சொல் அவர்களுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு ஓடும்போது எல்லா அம்மாவும் சொல்வது. பிக்குமாருடைய மூத்திரக் கல். நான் கண்ணில் ஒற்றினது, தலையில் தெளித்தது! முதலில் ஒரு சத்தம் என் வாயில் இருந்து வந்தது, அழுகை என்றுதான் நானே நினைத்தேன், அது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மரத்தில் சாய்ந்து, மூச்சு வாங்கி, திரும்பவும் சிரிப்பு. குசுமாவும் பொத்தின கைக்குள் புஸ்ஸென்று சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் ஆனை இருக்கிற காட்டில் விசர் பிடித்த மாதிரிச் சிரித்தோம். சிரிப்பு அடங்கின பிறகுதான் கேட்டேன், இவ்வளவு வேலைப்பாடு எதற்கு, இதற்குப்போய்? அவள் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். "அந்தக் காலம் பெரிய பன்சலை இருந்தது, புத்த கோயில், ராசா மாளிகை மாதிரி, பணக்காரப் பன்சலை. இங்க இருந்த ஹாமுதுரு ஒண்டும் எடுக்காதது. செத்த ஆள்ற சீலை எடுத்து, தைச்சு, அதைத்தான் உடுத்தது. மாளிகை எங்களுக்கு இதுக்குத்தான் எண்டு, மாளிகை மாதிரி கல்லில வெட்டி அதுக்கு மேல... அப்பிடித்தான் ஆக்கள் சொல்லுறது." செத்தவருடைய சீலையைத் தைத்து உடுத்தவர்கள். நான் அந்தக் கல்லைத் திரும்பப் பார்த்தேன். என் மனுசனும் இப்போது செத்தவர் ஒருவருடைய துண்டைத் தைத்து உடுத்திக்கொண்டுதான் படுத்திருக்கிறார். எத்தனையோ பேர், எத்தனையோ விடியல், இந்த இரண்டு பாதத்தில் நின்றிருப்பார்கள், நின்றதும் வந்திருக்கும், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், யாரும் நன்றி சொல்லியிருக்கமாட்டார்கள். உலகத்தில் உள்ள அவ்வளவு உயிருக்கும் ஒவ்வொரு நாளும் கேளாமல் நடக்கிற ஒன்று. நான் எத்தனை கோயிலில் என்னென்னவோ கேட்டிருக்கிறேன், இதைப்போய் ஒரு வரமாக ஒருநாளும் எண்ணினதில்லை. எனக்குத் திரும்பவும் கை கூப்பவேண்டும்போல இருந்தது, கூப்பினேன்.

"பூவை எடு அக்கா, வேற நல்ல இடம் வைப்பம்" என்றாள் குசுமா. வேண்டாம் என்றேன். "விடு. என்ர வேண்டுதலுக்கு இதைவிடத் தோதான சன்னிதி இந்த இலங்கையில இல்லை." அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனாள், மேடை ஓரத்தில் பேர் தெரியாத ஊதா நிறக் காட்டுப்பூ ஒன்று, அதைக் கிள்ளிக்கொண்டு வந்தாள், செருப்பைக் கழற்றினாள். எனக்குத் தெரியாமல் நடந்தது, இவளுக்கு அது என்ன கல் என்று சின்ன வயதிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டே குனிந்து என் பூவுக்குப் பக்கத்தில் தன் பூவை வைத்தாள். "பண்டாரவுக்கு" என்றாள், யாருக்கோ சொல்கிற மாதிரி. எழும்பின பிறகு என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அக்கா, அண்டைக்கு உனக்குப் போன் வந்த நேரம் எனக்குக் கோவம் வந்தது. உன்னை பஸ் ஏத்திட்டு, நிண்டு அழுதது. ஏன் எங்களுக்கு இல்லை எண்டு. பிறகு கிட்னி முழிக்கேல்ல எண்டு நீ சொன்ன நேரம், எனக்குப் பயம். நான் கோவப்பட்டதாலயா எண்டு. அது பவ் அக்கா. பெரிய பவ். அதுக்குத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது." பவ் என்றால் பாவம். இவ்வளவு நேரம் உள்ளே குத்திக்கொண்டிருந்த முள் அந்த இடத்தில் கழன்று விழுந்தது. எரிந்திருக்கிறது, அவளுக்கும் எரிந்திருக்கிறது, எரிந்த வயிற்றோடுதான் என் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "விசரி, கோவத்தில கிட்னி நிக்குமெண்டா என்ர மனுசன்ர எப்பவோ நிண்டிருக்கும், நான் கோவப்படாத நாள் ஏது?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஊதாப்பூவும் செவ்வரத்தையும் கல்மாளிகையின் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அதே கல்பாதை, ஆனால் இறங்கும்போது அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது, நாங்கள் இரண்டு பேரும் அதற்கு இரண்டு எறும்பு. தடாகத்தைக் கடந்து பாதை முடிகிற இடத்தில் என் கைப்பை துடித்தது. போன். கோடு வந்துவிட்டது. கௌசிகா எடுத்திருக்கிறாள், திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறாள். நல்லதற்கு இத்தனை தரம் எடுப்பாளா, கெட்டதற்குத்தான் எடுப்பாள், இல்லை, கெட்டதென்றால் என் தம்பிக்கு எடுத்து என்னிடம் சொல்லச் சொல்வாள், இல்லை, ஆர் கண்டது. குசுமா என் கையில் இருந்து போனை வாங்கி அழுத்தி என் காதில் வைத்தாள். "அம்மா! எங்கயம்மா போனீங்கள்? விடியவில இருந்து எடுக்கிறன்!" வந்துட்டுதா என்று கேட்க நான் வாயைத் திறக்க முன்னம் அவளே சொன்னாள். "அம்மா, வந்துட்டுது. கேக்குதா? வந்துட்டுதம்மா. குழாய்க்குள்ள, கொஞ்சம்தான், ஒரு தேக்கரண்டி இருக்கும், நேர்ஸ் டோர்ச் அடிச்சுக் காட்டினவ. டொக்டர் இப்ப சந்தோசப்படாதேங்கோ, பாப்பம் எண்டவர். நான் சந்தோசப்பட்டுட்டன்." எப்போது என்று கேட்டேன். "விடியக்காலம, தேத்தண்ணி குடுக்கிற நேரம்." விடியக்காலம். அந்த நேரம் நான் குசுமா வீட்டு முற்றத்தில் நின்று பூப் பறித்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் நான் கல்லில் நெற்றி முட்டி, மூக்கு வடிய, திற திற என்று சண்டை பிடித்தபோது அங்கே ஏற்கனவே திறந்தாயிற்று. தந்துவிட்ட ஒன்றைத்தான் அழுது கேட்டிருக்கிறேன். போனை இறக்கினேன். குசுமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சூ?" என்றாள். "சூ" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், அவளுடைய அழுகையில் என்னுடைய சந்தோசமும் அவளுடைய ஏக்கமும் இரண்டும் இருந்தது, எனக்குத் தெரிந்தது, அவள் மறைக்கவும் இல்லை. போத்தலில் மிச்சம் இருந்த தண்ணீரை எடுத்து மூடியில் ஊற்றினேன், அது நிறைந்து, வழிந்து, கல்லில் ஓடும் மட்டும் ஊற்றினேன், முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்கு. பிறகு சொன்னேன், "குசுமா, நான் வைக்க முன்னமே வந்துட்டுதாம். என்ர பூ சும்மா கிடக்குது." "அப்ப அந்தப் பூ?" "அது பண்டாரவுக்கு. நான் கேட்ட அவ்வளவும் அவருக்கு." "ரெண்டு பூவும்?" "ரெண்டும்" என்றேன். நாளைக்குக் கண்டிக்குப் போவேன், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பேன். நின்றுகொண்டு ஒவ்வொரு நாளும் குசுமாவுக்குப் போன் எடுத்து, பண்டாரவுக்கு வரவேண்டிய அழைப்பைப் பற்றிக் கேட்பேன், வந்துட்டுதா என்று.